அக்காவோட இடது கன்னம்

எங்க அக்கா பிறக்கும்போதே இடது கன்னத்துல ஒரு செந்நிறத் திட்டோட பிறந்தவ. கண்ணுக்குக் கீழ தொடங்கி தாடை வரைக்கும் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, யாருக்கும் ஒட்டாது. ஆனா அதைப் பார்த்ததும் மத்தவங்க படுற பாடு இருக்கே, அவங்க கன்னத்துலயே வந்துட்ட மாதிரி. பஸ்ல பக்கத்துல உட்காந்தவங்க, "என்னம்மா, சூடு பட்டுடுச்சா"ன்னு கேப்பாங்க. அவ ஆமாம்னு சொல்லிடுவா. பிறவியிலேயே உள்ளதுன்னு சொன்னா இன்னும் நாலு கேள்வி வருமாம், சூடுன்னா ஒரு உச்சுக்கொட்டலோட முடிஞ்சிடுமாம். எனக்கு அங்கேயே பத்திக்கிட்டு வரும்.

நாங்க ரெண்டு பேரும் ஒரே போட்டோ ஸ்டூடியோவுல பத்தொன்பது வருஷமா வேலை பாக்குறோம். ஒண்ணாத்தான் போய் வேலை கேட்டோம். முதலாளி அவளை ஒரு தடவை பார்த்தாரு, என்னை ஒரு தடவை பார்த்தாரு, முடிஞ்சுது நேர்காணல். எனக்கு முன்னாடி கவுண்டர், அவளுக்குப் பின்னாடி ரூம். "நீ உள்ளே இரும்மா, உனக்கும் நிம்மதி, வர்றவங்களுக்கும் நிம்மதி"ன்னு வாய் கூசாம சொன்னாரு அந்த மனுஷன். அக்கா "சரிங்க சார்"னா. நானும் வாயை மூடிக்கிட்டுப் போய் கவுண்டர்ல நின்னேன். அந்தக் கோபம் இன்னிக்கும் எனக்கு ஆறல. அதுல பாதி என் மேலேயே.

பின்னாடி ரூமுக்கு ஜன்னல் கிடையாது. பிரிண்டர் சூடு, ஒரு மேஜை, கடகடன்னு ஒரு ஃபேன், ஒரு கம்ப்யூட்டர். அக்கா பாக்குற வேலைக்குப் பேரு டச்சிங். பருவை எடுக்கணும், கருவளையத்தை எடுக்கணும், தொங்குற தாடையை இழுத்துக் கட்டணும், கறுப்பா இருக்குறவங்களை ரெண்டு படி வெளுப்பாக்கணும். "கொஞ்சம் பவுடர் போட்டு விடும்மா"ன்னு முதலாளி சொன்னா இது அத்தனையும் பண்ணணும்னு அர்த்தம். அதனால வீட்டுல நாங்க அவரைப் பவுடர்னுதான் சொல்வோம். மாசத்துக்கு முந்நூறு நானூறு மூஞ்சி அக்கா கைக்கு வரும். விதவிதமா வர்றதெல்லாம் ஒரே மாவுல பிசைஞ்ச மாதிரி வெளியே போகும். வாங்கிட்டுப் போறவங்க வாயெல்லாம் பல்லு. "யாரு பண்ணினது, சூப்பரா இருக்கே"ன்னு கேட்டா, "உள்ளே எங்க ஸ்டாஃப்"னு மட்டும்தான் நான் சொல்லணும். பேரைக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னா கூப்பிடச் சொல்லிடுவாங்களாம்.

அவளும் லேசுப்பட்டவ இல்ல. என் கல்யாண ஆல்பத்துல தன் கன்னத்தைத் தானே துடைச்சு எடுத்துட்டா. எனக்கே அது ஒரு வருஷம் கழிச்சுத்தான் கண்ணுல பட்டுச்சு. கேட்டப்போ, "உன் ஆல்பம் நல்லா இருக்கணும்ல"ன்னா. அன்னிக்கு நான் ஆல்பத்தைத் தூக்கி எறிஞ்சதுல அதோட பைண்டிங்கே பிஞ்சு போச்சு.

போன வருஷம் நூலகத்து மாடியில சனிக்கிழமை காலையில ஓவிய வகுப்பு ஆரம்பிச்சாங்க. அக்கா தானாப் போய் முதலாளிகிட்ட, "சனிக்கிழமை மட்டும் மதியத்துக்கு மேல வரேன் சார்"னு கேட்டா. பத்தொன்பது வருஷத்துல அவ வாயைத் திறந்து கேட்டது அது ஒண்ணுதான். பவுடர் முகத்தைச் சுளிச்சுக்கிட்டே தலையாட்டினாரு. வகுப்புல அக்ரிலிக் பெயின்ட். தண்ணி விட்டுக் கலக்கிப் பூச வேண்டியது, பத்து இருபது நிமிஷத்துல காஞ்சிடும். தப்பாப் போனா அது மேலேயே இன்னொரு பூச்சு போட்டுக்கலாம். "கம்ப்யூட்டர் மாதிரி பின்னால போக முடியாதுடி, மேல மேலத்தான் போகணும்"னு பெருமையா வேற சொன்னா. மூணு மாசம் ஆப்பிள், குடம், செருப்புன்னு வரைஞ்சா. செருப்பு செருப்பு மாதிரியே இருந்துச்சு.

அப்புறம் டீச்சர், "எல்லாரும் கண்ணாடியைப் பார்த்து அவங்கவங்க முகத்தை வரைங்க"ன்னுட்டாங்க. நூலகத்துல கண்காட்சி வைக்கப் போறாங்களாம், ஆளுக்கு ஒரு படமாம். ரெண்டாவது சனிக்கிழமை செம மழை. குடை குடுக்கலாம்னு நான் மாடி ஏறிப் போனேன். டீச்சர் என்னைப் பார்த்தாங்க, படத்தைப் பார்த்தாங்க. "ஓ, தங்கச்சியை வரைஞ்சிருக்கீங்களா? நான் உங்களைத்தானே வரையச் சொன்னேன்"னாங்க.

அக்கா படத்தைப் பார்த்து அப்படியே உட்காந்துட்டா. கன்னம் ரெண்டும் பளிங்கு மாதிரி இருந்துச்சு. திட்டைக் காணோம். கண்ணாடியை எதிர்ல வெச்சுக்கிட்டு, பார்த்துப் பார்த்து வரைஞ்சும் காணோம். "நான் எப்ப எடுத்தேன்?"னு என்கிட்டயே கேக்குறா.

பஸ் ஸ்டாப்புல, பஸ்ஸு வர்றதுக்குள்ள நான் அவளைப் பிடிச்சுக்கிட்டேன். "உன் மூஞ்சிக்கு நீயே பவுடர் போட்டுக்கிட்டியா? வெக்கமா இல்ல?"

"வேணும்னு பண்ணலடி. கை தானாத் துடைச்சிடுச்சு."

"உன் கையா அது, இல்ல அந்தாளு கையா?"

அவ நனைஞ்ச படத்தை ஜாக்கெட்டோட சேத்து அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்தா. நான் சொன்னது ரொம்ப ஓவர்தான். ஆனா திருப்பி வாங்கிக்கல.

அடுத்த அஞ்சாறு வாரம் எங்க வீட்டுச் சமையல் மேஜையில ஒரே ரகளை. அதே படத்து மேல திட்டைப் பூசுவா. அக்ரிலிக்குக்கு ஒரு குணம் உண்டு, ஈரத்துல ஒரு நிறம், காஞ்சா ஒரு படி கறுத்துடும். காஞ்சதைப் பார்த்ததும் இவளுக்குக் கை பரபரங்கும், உடனே வெள்ளையைக் கலந்து மேல ஒரு பூச்சு. அது காயும், மறுபடி வெள்ளை. ஒரு ஞாயித்துக்கிழமை முடிவுல பாத்தா கன்னத்துல ரோஸ் கலர்ல என்னவோ ஒட்டியிருக்கு. "இது என்ன, ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு வாயைத் துடைக்கலையா?"ன்னு கேட்டேன். அவளுக்கும் ஒருவழியாக் கோபம் வந்துச்சு. பிரஷ்ஷை சிங்க்ல விசிறி அடிச்சா.

"நீ வந்து பண்ணிப் பாரு. நின்னுக்கிட்டு நொட்டை சொல்ல எல்லாருக்கும் வரும். முன்னாடி நிக்கிறவளுக்கு என்ன தெரியும்?"

சுருக்குன்னு இருந்துச்சு. நான் வெங்காயம் நறுக்கப் போயிட்டேன்.

கடைசியில டீச்சர்தான் வழி சொன்னாங்க. "அந்த வெள்ளை ட்யூபை என்கிட்ட குடுத்துடுங்க"ன்னு கையை நீட்டினாங்களாம். வெள்ளை இல்லாம, சிவப்பையும் நீலத்தையும் கொஞ்சம் பழுப்பையும் மட்டும் வெச்சுக்கிட்டு அவ அந்தக் கன்னத்தை முடிச்சா. முதல்ல விரலால தன் கன்னத்தைத் தொட்டுக்குவா, அப்புறம் படத்துல அந்த இடத்தைத் தொடுவா. கண்ணாடியைப் பார்த்து வரைஞ்சதால இடம் வலமா மாறியிருந்துச்சு, மத்தபடி அவளேதான். டீச்சர் அதை வாசலுக்கு நேரா மாட்டப் போறதாச் சொன்னாங்க. கண்காட்சிக்கு ஒரு சின்னப் புத்தகமும் போடப் போறாங்க, அந்த வேலை எங்க ஸ்டூடியோவுக்கே வந்துச்சு. பவுடரே நூலகத்துக்குப் போய் இருபது படத்தையும் ஃபிளாஷ் போட்டு எடுத்துட்டு வந்தாரு. யாரு யாரு வரைஞ்சதுங்கிற பட்டியலை அப்புறம் அனுப்புறதாச் சொல்லியிருந்தாங்க.

மறுநாள் அக்கா ஒவ்வொண்ணாத் திறந்து டச்சிங் பண்ணிக்கிட்டு இருந்தா. முதலாளி அவ நாற்காலிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தாரு. நான் ஆர்டர் நோட்டை எடுத்துக்கிட்டு உள்ளே போனேன். அக்காவோட படம் ஸ்கிரீன்ல வந்துச்சு.

"இந்தப் பொம்பளை கன்னத்துல பாரு, பெயின்ட் வழிஞ்சிருக்கு. எடுத்து விட்டுடு"ன்னாரு.

அக்கா கை மவுஸ் மேல அப்படியே நின்னுச்சு.

"சார், அது யாருன்னு தெரியலையா?"ன்னு நான் கேட்டேன்.

"கிளாஸ்ல யாராவது இருக்கும்."

"நல்லாப் பாருங்க சார்."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, அக்கா தோளுக்கு மேல குனிஞ்சு, ஸ்கிரீனைப் பார்த்தாரு. அக்கா மூஞ்சிக்கும் ஸ்கிரீன்ல இருக்குற மூஞ்சிக்கும் நடுவுல ஒரு முழம்கூட இருக்காது. "தெரியலையேம்மா. நம்ம கஸ்டமரா?"

நோட்டை மேஜையில அடிச்சேன். "பத்தொன்பது வருஷமா தினமும் உங்களுக்குக் குட்மார்னிங் சொல்றா சார். நீங்க ஃபேனைப் பார்த்துப் பதில் சொல்லிக்கிட்டே இருந்தா எப்படித் தெரியும்?"

அக்கா நாற்காலியைத் திருப்பினா. அவரு பார்த்தாரு. பார்த்த வேகத்துலயே கண்ணு ஃபேனுக்குப் போயிடுச்சு. "அட, நீயாம்மா"ன்னாரு.

"பரவாயில்ல சார். கண்ணாடியைப் பார்த்து வரைஞ்சதுல பக்கம் மாறியிருக்கு, அதான் உங்களுக்குத் தெரியல"ன்னா இவ. எனக்கு வந்த கோபத்துக்கு அவளையே ஒண்ணு வெச்சிருப்பேன்.

அவருக்கு அது போதுமே. "அதானே, பக்கம் மாறிடுச்சு. நல்லாத்தான் வரைஞ்சிருக்கே. இருந்தாலும் அச்சுல அழுக்கு மாதிரி விழும்மா, கொஞ்சம் லேசாக்கிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அக்கா மறுபடி ஸ்கிரீன் பக்கம் திரும்பி, மவுஸால கம்ப்யூட்டர் பிரஷ்ஷை எடுத்தா. "அக்கா, அதைத் துடைச்சேன்னா நான் இப்பவே இந்த வேலையை விட்டுட்டுப் போயிடுவேன்."

"கொஞ்சம் சும்மா இருடி."

கன்னத்தை ஸ்கிரீன் முழுக்கப் பெருசாக்கினா. பிரஷ் போகப் போக அந்த இடம் கறுத்துக்கிட்டே வந்துச்சு. "ஃபிளாஷ்ல வெளுத்துப் போயிருக்கு சார், நான் போட்ட நிறம் இது இல்ல"ன்னா, அவரைத் திரும்பிப் பாக்காமலே.

"நான் லேசாக்கச் சொன்னேன்."

"கேட்டுச்சு சார்"னுட்டு அவ பாட்டுக்கு வேலையைப் பார்த்தா.

கவுண்டர்ல மணி அடிச்சுச்சு. முதலாளி என்னைப் பார்த்தாரு. நான் நகரல. ரெண்டாவது தடவை அடிச்சதும் அவரே போனாரு, போற போக்குல கதவை டமால்னு சாத்தினாரு.

அக்கா மவுஸை விட்டுட்டு என்னைக் கேட்டா, "படம் நூலகத்துல மாட்டிக்கிடக்கு, ஒத்துப் பாக்க முடியாது. என் கன்னத்தைப் பார்த்து நீதான் சொல்லணும். நிறம் சரியா இருக்கா?"

சரியா இருக்குன்னு சொல்ல வாயைத் திறந்தேன். வரல. வீட்டுல சாப்பிட உட்காந்தாலும், பஸ்ல உட்காந்தாலும், நான் எப்பவும் அவளுக்கு வலது பக்கம்தான் உட்காருவேன். யாரும் சொல்லித் தரல, நானாத்தான் உட்காந்திருக்கேன். பவுடரை அவ்வளவு கேள்வி கேட்டுட்டு நிக்கிறேன், கூடப் பிறந்தவ கன்னத்தோட நிறம் எனக்குத் தெரியல. கேவலமா இருந்துச்சு.

"பாருடி, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்"னு முகத்தை டியூப்லைட்டுக்கு நேராக் காட்டினா.

பார்த்தேன். கண்ணுக்குக் கீழதான் சிவப்பு. காதுகிட்ட ஒரு விரல் அளவுக்குத் திட்டே இல்லாத இடம் இருக்கு. தாடைப் பக்கம் வந்தா சிவப்பே கிடையாது, ஊதாவாத்தான் இருக்கு.

"கீழ இன்னும் நீலம் வேணும்க்கா"ன்னேன்.

"எவ்வளவு?"

நாற்காலியை இழுத்து அவளுக்கு இடது பக்கம் போட்டு உட்காந்து, இன்னொரு தடவை பார்த்தேன்.