அம்பத்தூர் எஸ்டேட்டில் காபி ருசி பார்க்க, இரண்டாவது முறை

ஒரே இடத்துக்கு இரண்டு முறை போய் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. போன ஞாயிறு போனதும் காபிக்காக இல்லை. ஒரு மாதம் முன்பு நான் இணையத்தில் போட்ட நாலு வரி விமர்சனத்தால், கல்பனா என்ற பெண்மணியை அவர் விரும்பிச் செய்துகொண்டிருந்த வேலையிலிருந்து மாற்றிவிட்டார்கள். அந்த நாலு வரியில் ஒரு வரி பொய். அதை ஒப்புக்கொண்டு, அவருடைய இடத்தை அவருக்குத் திரும்ப வாங்கித்தர முடியுமா என்று பார்க்கத்தான் கிளம்பினேன். வழியையும் செலவையும் வழக்கம்போலச் சொல்லிவிடுகிறேன். போக நினைப்பவர்களுக்கு உதவும்.

பட்டாபிராமில் காலை 9.20க்கு மின்சார ரயில். பட்டரவாக்கத்துக்கு டிக்கெட் ஐந்து ரூபாய், அரை மணி நேரம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது. ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்குள் இரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ஓட்டுநரிடம் தெருப் பெயரைச் சொன்னால் முழிக்கிறார். காபி வறுக்கும் கம்பெனி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

“அத்த மொதல்லயே சொல்லக்கூடாதா சார்? அட்ரஸ்லாம் வாணாம். அந்த வாசன எங்க தூக்குதோ அங்க நிறுத்துறேன்.”

சொன்னபடியே நிறுத்தினார். லேத் பட்டறைக்கும் அட்டைப்பெட்டி செய்யும் இடத்துக்கும் நடுவில் நீலக் கதவு. உள்ளே பின்பக்கம் வறுப்பதும் பாக்கெட் போடுவதும் நடக்கின்றன. முன்பக்கம் எட்டுப் பேர் உட்காரும் ஓர் அறை, அதுதான் ருசி பார்க்கும் அறை. ஒருவருக்கு 350 ரூபாய், ஒரு மணி நேரம், ஐந்து வகைக் காபி. பால் கிடையாது, சர்க்கரை கிடையாது, சிக்கரி என்ற பேச்சே கிடையாது. தூளில் நேராக வெந்நீர் ஊற்றி, நாலு நிமிடம் விட்டு, கரண்டியால் ஒரு வாய் உறிஞ்ச வேண்டும். சத்தம் வர உறிஞ்சினால்தான் ருசி தெரியுமாம். அப்புறம் பக்கத்தில் வைத்திருக்கும் மூடி போட்ட எவர்சில்வர் தம்ளரில் துப்பிவிட வேண்டும்.

இந்தத் துப்புவதில்தான் வினையே.

முதல்முறை நானும் என் மனைவி சுகந்தியும் போயிருந்தோம். ஊற்றிக்கொடுத்தவர் கல்பனா. ஆவடி பக்கம் கோவில்பதாகைக்காரர், நாற்பது வயதிருக்கும். பாக்கெட் போடும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்து, ருசி பிடிபட்டு, இந்த அறைக்கு வந்தவர். மூன்றாவது கோப்பையைக் காட்டி, “நாவப்பயம் துன்னா நாக்கு இஸ்துக்கும்ல, அத்த மாரி கீதா பாருங்க” என்றார். குடித்தால் அச்சு அசல் நாவல் பழம். காபியில் இதெல்லாம் இருக்கிறது என்று, காபித் தோட்டங்களின் அடிவாரத்தில், கம்பத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனால் துப்ப மனசு வரவில்லை. ஒருவர் ஆசையாக ஊற்றிக் கொடுத்ததை அவர் எதிரிலேயே துப்புவதா? எங்கள் வீட்டில் அப்படிச் செய்தால் பந்தியே கலைந்துவிடும். நான் மரியாதைக்காரன் அல்லவா, ஒரு வாய் உறிஞ்ச வேண்டிய கோப்பையை முழுசாகக் காலி செய்தேன். சுகந்தியும் செய்தாள். ஆளுக்கு ஐந்து கோப்பை, அடியில் மண்டி மட்டும்தான் மிச்சம். மதியம் ஒரு மணிக்கு எனக்குக் கை நடுங்கியது. அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, ஆவடியில் ஒரு கிளினிக்குக்கு ஓடினோம். காபி அதிகமாகிவிட்டது, வேறொன்றுமில்லை என்றார் டாக்டர். அதற்குள் நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து எழுதி முடித்திருந்தேன். அதில்தான் அந்த வரி: ‘துப்பிவிடலாம் என்று அங்கிருந்த பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை.’

பயத்தில் எழுதியது. ஆனாலும் பொய்தான். இரண்டு நாள் கழித்து உரிமையாளர் பதில் போட்டிருந்தார்: வருந்துகிறோம், அந்த ஊழியரை விருந்தினர் பகுதியிலிருந்து மாற்றிவிட்டோம். சுகந்தி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அவங்க சொன்னாங்களேங்க. ரெண்டு தடவ சொன்னாங்க.”

“ஞாபகம் இருக்கு.”

“அப்ப போய்ச் சொல்லிட்டு வாங்க.”

போவதற்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. வேலை, மழை என்று சாக்குகள். உண்மையில் வெட்கம்.

இந்த முறை ஊற்றியவர் உரிமையாளர் பிரசன்னா. முன்பு சாஃப்ட்வேரில் இருந்தவர், நல்ல மனிதர். மூன்றாவது கோப்பையைக் காட்டி டார்க் சாக்லேட், சிட்ரஸ் என்றார். எதிரே உட்கார்ந்திருந்த தம்பதி தலையாட்டிவிட்டு, என்னைப் போலவே முழுசாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் கிளம்பியதும் நான் யார் என்று சொன்னேன். அந்த வரி பொய் என்றும் சொன்னேன். அவர் கையிலிருந்த கரண்டியைத் துடைத்து வைத்தார்.

“அவங்களும் சொன்னேன்னுதான் சார் சொன்னாங்க. நான்தான் உங்கள நம்பினேன்.”

அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நான் கேட்டதும், பின்பக்கத்திலிருந்து கல்பனாவைக் கூப்பிட்டார். விரல்களில் லேபிள் பசையோடு வந்து நின்றார். வழியெல்லாம் வேறென்னவோ மனப்பாடம் செய்திருந்தேன். தப்பு என்னோடது, மன்னிச்சிடுங்க என்று மட்டும் சொன்னேன்.

“பாதி பேரு முயுங்கத்தான் சார் செய்றாங்க. நீங்க நெட்ல எய்திட்டீங்க, அவங்க எய்தல.”

அதில் கோபம் இருந்ததா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. இருந்திருந்தால் நியாயம்தான்.

“உங்க மூஞ்சிக்கு நேரா எப்படிங்க துப்புறது?” என்று கேட்டேன்.

“நா ஊத்துறத நீங்க துப்புனாதான் சார் அடுத்தத ருசி பாப்பீங்க. முயுங்கிக்கினே போனா மூணாவதுக்கு மேல எல்லாம் ஒண்ணுதான். அப்பால நா எதுக்கு?”

பிரசன்னா எழுந்து தன் இடத்தைக் காட்டினார். கல்பனா கை கழுவிவிட்டு வந்து அதே மூன்றாவது காபியைப் புதிதாகப் போட்டார். துப்பும் தம்ளரின் மூடியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். நான் உறிஞ்சி, வாயில் வைத்துக்கொண்டு, திருதிருவென்று முழித்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். துப்பினேன்.

“ஆச்சா சார்?” என்றார், திரும்பாமலே.

வீட்டுக்கு வந்ததும் பழைய விமர்சனத்தை அழிக்கவில்லை. அழித்தால் தப்பித்ததாகிவிடும். அதற்குக் கீழேயே நடந்ததை எழுதினேன். புதன்கிழமை போன் செய்து விசாரித்தேன். வரும் ஞாயிறு முதல் ருசி பார்க்கும் அறை மறுபடி கல்பனாவிடம்.

போகிறவர்கள் ஒரு நாள் முன்பே போனில் சொல்லிவிடுங்கள். ஞாயிறு மட்டும்தான், காலை பத்தரைக்கு. கடையின் பெயரை இங்கே போடவில்லை, கல்பனா வேண்டாம் என்றார். பின்னூட்டத்தில் கேட்டால் தனியாகச் சொல்கிறேன். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், நாலு இட்லியாவது உள்ளே இருக்கட்டும். சென்ட் அடித்துக்கொண்டு போனால் உங்களுக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் காபியின் வாசனையே தெரியாது. ஞாயிறு எஸ்டேட்டில் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், தண்ணீர் எடுத்துப்போவது நல்லது. சாக்லேட்டா சிட்ரஸா என்று குழம்ப வேண்டாம், கல்பனா உங்களுக்குத் தெரிந்த பழமாகப் பார்த்துச் சொல்வார்.

அவர் தம்ளரை நகர்த்தினால் துப்பிவிடுங்கள். கூச்சமாக இருந்தால் சும்மா முழித்தாலே போதும், அவர் திரும்பிக்கொள்வார்.