எலாடியாவின் சக்களத்தி

இஸ்திரி இரும்பை அடுப்பிலிருந்து எடுத்ததும் எலாடியா அதைக் கன்னத்தருகே கொண்டுபோவாள். சூடு போதுமா என்று கன்னம் சொல்லிவிடும். போதாவிட்டால், இரும்பு வேண்டுமென்றே சோம்பிக் கிடந்ததுபோல முறைத்துவிட்டுத் திரும்ப அடுப்பில் வைப்பாள். எப்ரோ ஆற்றங்கரைத் தெருக்களில் கன்னிமடத்துத் துணிகளுக்குக் கஞ்சி போட்டு மடிப்பு வைக்க அவளை விட்டால் ஆள் கிடையாது.

வேலையின்போது யாரிடமும் பேசமாட்டாள். ஆனால் முணுமுணுப்பாள். முணுமுணுப்பெல்லாம் ஒருத்தியைப் பற்றித்தான். பெயர் சொல்லமாட்டாள், ‘அவ’ என்பாள்.

அவள் யாரென்று தெருவுக்கே தெரியும். அரசர் போய்க் குடியரசு வராதா என்று ஏங்கியவர்கள், காவலர் காதில் விழாமலிருக்க, அதை ‘அழகுப் பொண்ணு’ என்றுதான் சொல்வார்கள். எலாடியாவின் கணவன் நிக்கனோர், பீப்பாய் செய்பவன், கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தப் பொண்ணுக்காகக் காத்திருந்தவன். மனைவியின் பிறந்தநாள் அவனுக்கு நினைவிருக்காது. எப்போதோ வந்து கவிழ்ந்துபோன முந்தைய குடியரசின் பிறந்தநாளுக்கு மட்டும் வருடம் தவறாமல் மழமழவென்று சவரம் செய்துகொண்டு குடியரசுக்காரர்கள் கூடும் மன்றத்து விருந்துக்குக் கிளம்பிவிடுவான். “எனக்காக ஒரு நாள் இப்படிச் செரச்சிருப்பியாய்யா?” என்பாள் எலாடியா.

ஏப்ரலில் அரசர் நாட்டைவிட்டுப் போனார். ஊர்வல வண்டியில் குடியரசாக வேடமிட்டு நிற்க, ரொட்டிக்கடைக்காரர் மகள் காசில்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுடைய வெள்ளை அங்கியை இஸ்திரிக்கு நிக்கனோரே கொண்டுவந்தான், கைக்குழந்தையை ஏந்துவதுபோல. எலாடியா மறுக்கவில்லை. ஒவ்வொரு மடிப்பும் கத்திபோல நிற்கப் போட்டுக் கொடுத்தாள். உள்விளிம்பில் மட்டும், யார் கண்ணிலும் படாத இடத்தில், இரும்பைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாள். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பழுப்புத் தீய்ச்சல். ஊர்வலத்தில் கணவன் வண்டிக் கழுதையின் கடிவாளத்தைப் பிடித்து, மேலே நின்றவளைப் பார்த்து அழுதபடி நடந்தபோது, அந்தத் தீய்ச்சல்தான் அவளுக்கு ஆறுதல்.

அடுத்த மாதம் வேறு ஊர்களில், அரசர் பக்கம் நின்ற மடங்கள் எரிந்தன. இங்கே எரியவில்லை, ஆனால் கன்னிமடத்துக் கதவு எலாடியாவுக்கு மூடிக்கொண்டது. குடியரசுக்காரன் பெண்டாட்டி கைபட்ட துணி பலிபீடத்துக்கு வேண்டாமாம். “புருஷனைத்தான் அவ எடுத்துக்கிட்டான்னு பார்த்தா, பொழப்பையும் சேர்த்து எடுத்துக்கிட்டா” என்று வாசலில் நின்று புலம்பினாள். மன்றத்திலோ தினமும் அடிதடி. சட்டம் வரட்டும், பொறுப்போம் என்றது ஒரு கட்சி. பசிக்கிறவன் எத்தனை நாள் பொறுப்பான் என்றது இன்னொன்று. வேலைநிறுத்தத்தில் குடியரசின் காவலரே சுட்டார்கள். நிக்கனோரோடு பட்டறையில் வேலை பார்த்தவனுக்குக் கால் போயிற்று.

அன்று நிக்கனோர் வெயில் தாழுமுன்பே வீடு திரும்பினான். மறுநாளும் அப்படியே. பூண்டு சூப்பை வெறுமனே கிளறிக்கொண்டிருந்தவன், இனி மன்றத்துப் பக்கம் போவதாக இல்லை என்றான்.

“நான் காத்திருந்தவ இவ இல்ல, எலாடியா. இனிமே உன்கூடவே இருந்துடறேன்.”

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை வருடம் புழுங்கினாள். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது, கொஞ்ச நேரம். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எனக்குக் காட்டாத முகத்தையெல்லாம் அவளுக்குக் காட்டின. இப்ப அவளுக்கு ஒரு கஷ்டம்னதும் விட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்க. நாளைக்கு நான் படுத்துட்டா என்னையும் இப்படித்தான விட்டுட்டுப் போவ?”

எலாடியா எழுந்தாள். ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்து அவன் தலையில் அழுத்திக் கவிழ்த்துவிட்டு, தெருக்கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு, மன்றம் இருக்கும் பக்கம் கை காட்டி நின்றாள்.