புகைக்குக் காற்று ஊதும் பம்பு

மூன்று ரோட்டு முனையில் பஞ்சர் கடை வைத்திருந்த காளியப்பனுக்கு இந்தச் சேதியை ஒரு முட்டை லாரி டிரைவர் சொன்னான். அவனுக்குச் சேலத்தில் யாரோ சொன்னார்களாம். அமெரிக்கக் காரில் என்ஜின் பக்கத்தில் மூச்சு வாங்குகிற மிசின் ஒன்று இருக்கிறது. அது ஒரு நிமிடம் நின்றால் போதும், என்ஜின் மூச்சு முட்டி வெடித்துவிடும். ஓமலூர்ப் பக்கம் ஒரு காருக்கு அப்படித்தான் பானட்டு பறந்து போய்ப் புளியமரத்தில் மாட்டிக்கொண்டதாம். எந்தப் புளியமரம் என்று சொல்லத்தான் ஆளில்லை.

"டாக்டரம்மா காரத் தொட்ராதப்பா சென்றாயா," என்றான் காளியப்பன். "லாரி மாதிரி இல்ல அது. உனக்கெதுக்கு அந்த வம்பு?"

சென்றாயனின் பட்டறை எதிரிலேயே இருந்தது. கார் காலையிலேயே பட்டறைக்குள் வந்து நின்றுவிட்டது.

நாமக்கல்லில் அவனை 'ஏர் பிரேக்' சென்றாயன் என்றால்தான் தெரியும். காற்றில் பிரேக் பிடிக்கிற லாரிகள் வந்த காலத்திலிருந்தே அதுதான் அவன் தொழில். கம்ப்ரசர் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த வளையம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அது எண்பத்து மூன்றாம் வருடம். அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. அவன் பெண் செல்லாயிக்கு இரண்டு முடிந்திருந்தது.

அந்தப் பெண் பிறந்ததே இந்தக் காரால்தான். மாசி மாதம், எருமப்பட்டிக்குத் தெற்கே மாமனார் தோட்டத்தில் அவன் மனைவி முத்தாயம்மாளுக்கு இரண்டு நாளாக வலி. குழந்தை திரும்பவில்லை. டாக்டர் சௌந்திரம் அமெரிக்காவில் எட்டு வருடம் பிரசவம் பார்த்துவிட்டு, இடப்பக்கம் ஸ்டியரிங் வைத்த பச்சைக் காரோடு ஊர் திரும்பி ஆஸ்பத்திரி வைத்திருந்தார். ஆள் அனுப்பியதும் உழவு காட்டு வழியாகவே காரை விட்டுக்கொண்டு வந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பணம் கொடுக்கப் போனபோது, "பொண்ண நல்லாப் பாத்துக்குங்க, போதும்" என்று சொல்லிவிட்டார்.

சென்றாயனுக்கு மனது கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கார் கழுவும் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனான். டிரைவர் கந்தப்பன் இருபது வருடம் லாரி ஓட்டியவர். இருவரும் பானட்டைத் திறந்து பார்த்தார்கள். பெல்ட்டில் சுற்றுகிற ஒரு சின்ன உருளை, அதிலிருந்து கிளம்பும் ரப்பர் குழாய். காற்றைத்தான் தள்ளுகிறது.

"கம்ப்ரசருங்க, சந்தேகமே இல்ல," என்றான் சென்றாயன். "இந்த வண்டிக்கும் ஏர் பிரேக்குதான். எண்ணெ காட்டாம வெச்சிருக்கீங்களே!"

புது எண்ணெய்க்குப்பி ஒன்றைத் தன் கையாலேயே வாங்கிக் கொடுத்தான். வெள்ளிதோறும் டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கும்போது அந்த உருளைக்குள் பத்துச் சொட்டு. இரண்டு வருடம் ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை கந்தப்பன்.

இப்போது அதே உருளைதான் கத்தியது. ராசிபுரம் போய் வருவதற்குள் ஆட்டுக்குட்டி கதறுவதுபோல் சத்தம். பின்சீட்டில் படுத்திருந்த கர்ப்பிணி வலியை மறந்து பயந்துவிட்டாளாம். தண்ணீர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றியது. உருளை இறுகி நின்றால் பெல்ட் அறுந்து, கொதிக்கிற என்ஜினோடு கார் நடு ரோட்டில் நின்றுவிடும். உள்ளே ஒரு பெண் துடித்துக்கொண்டிருப்பாள். சென்றாயனுக்கு அந்தப் பயம்தான்.

சாயங்காலம் டாக்டர் கந்தப்பனோடு வந்தார். சென்றாயன் பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"ஒரே ஒரு நிமிசம் ஓட்டிப் பாக்கறனுங்க. அதுக்கு மேல தண்ணி பம்பு இல்லாம ஓடக்கூடாது."

சாவியைத் திருப்பினான். காளியப்பன் தன் கடைக்கு ஓடிப்போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டான். என்ஜின் அமைதியாக ஓடியது. சத்தம் அடியோடு போய்விட்டது. பானட்டும் பறக்கவில்லை.

"அப்ப என்ஜினுக்கு இது வேண்டியதே இல்லீங்க," என்றான் சென்றாயன் குழப்பத்தோடு. "பிரேக்கும் புடிக்குது. பின்ன எதுக்குங்க இது?"

டாக்டர் காரோடு வந்த புத்தகத்தை எடுத்து, வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார்.

"பெட்ரோல் எல்லாம் என்ஜின்லயே எரியறதில்லீங்க. மிச்சம் புகையோட போயிருது. கொதிக்கற புகையில புதுக் காத்த ஊதுனா, அந்த மிச்சமும் குழாய்க்குள்ளயே எரிஞ்சிரும். வெளிய வர்ற புகையில வெசம் கம்மி."

"அதனால வண்டிக்கு என்னங்க லாபம்?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க."

"ஓட்டறவங்களுக்கு?"

"அவங்களுக்கும் இல்ல. பின்னால நடந்து வர்றவங்களுக்கு."

சென்றாயன் பானட்டுக்குள் குனிந்து உருளையை விரலால் சுற்றிப் பார்த்தான். கந்தப்பன்தான் வாயைத் திறந்தார். "பின்னால வர்றவனுக்குன்னு ஒரு பம்பா! நம்ம லாரிகளுக்கு மாட்டுனா நாமக்கல்லே வெளுத்துருமுங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனார். சிரிப்பு நின்றது. "இதுக்கு எண்ணெயே விடக்கூடாதுன்னு போட்டிருக்குங்க. உள்ள காத்தத் தள்ளற கரித்தகடு ஒட்டிக்குமாம்."

கந்தப்பன் சென்றாயனைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை என்பது சென்றாயனுக்குத் தெரிந்தது.

"நாந்தானுங்க சொன்னேன். லாரி கம்ப்ரசர்னு நெனச்சு எண்ணெ விடச் சொன்னது நானுங்க. குப்பி வாங்கிக் குடுத்ததும் நான்தான்."

டாக்டர் புத்தகத்தை மூடினார். "ரெண்டு வருசமாவா?"

"ஆமாங்க."

"என்ர ஆஸ்பத்திரியிலகூட இப்படித் தவறாம மருந்து குடுக்கறவங்க இல்லீங்களே," என்றார். "இனி நான் எழுதிக் குடுக்கற மருந்த மட்டும் ஊத்துங்க."

கந்தப்பன் வாய்விட்டுச் சிரித்தார். சென்றாயனுக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. இந்தம்மா திட்டியிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும்.

"இதக் கழட்டிப் போட்டுட்டுச் சின்ன பெல்ட்டா மாட்டுனா நாளைக்கே ஓடுமுங்க. இங்க எவனும் கேக்க மாட்டான்," என்றான். "ஆனா நான் கெடுத்தத நானே சரி பண்ணிக் குடுத்தர்றனுங்க."

"நடு ரோட்டுல நிக்காம இருந்தாச் சரிங்க. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

ஐந்து நாள் வேறு வேலை தொடவில்லை. ரப்பர் குழாயின் மறுமுனை கருகியிருந்தது. காற்று ஒரு பக்கமாக மட்டும் போகவேண்டிய வால்வில் வாய் வைத்து ஊதினான். இரண்டு பக்கமும் போயிற்று. கொதிக்கிற புகை அதன் வழியாகத் திரும்பி வந்து, அவன் விடச் சொன்ன எண்ணெயை உருளைக்குள் தாராகக் காய்ச்சியிருந்தது. தகடுகளைப் பெட்ரோலில் ஒவ்வொன்றாகக் கழுவி நிழலில் உலர்த்தினான். பேரிங்குக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஏழு கடை ஏறி இறங்கினான். வால்வுதான் கிடைக்கவில்லை. லாரி காற்றுத் தொட்டியில் இதே வேலை செய்கிற வால்வு ஒன்று உண்டு. அதன் ரப்பர் சூட்டில் உருகிவிடும் என்பதால் லேத்தில் மெல்லிய எஃகுத் தகடு கடைந்து உள்ளே வைத்தான். ஊதிப் பார்த்தான். ஒரு பக்கம் போயிற்று, மறுபக்கம் நின்றது. இன்னொரு தடவை ஊதிப் பார்த்தான். அப்புறமும் மனது ஆறாமல் சின்ன பெல்ட் ஒன்றை டிக்கியில் போட்டு, அதை மாட்டும் வித்தையைக் கந்தப்பனுக்கு மூன்று தடவை செய்து காட்டினான்.

"எனக்கே பிரசவம் பாக்கச் சொல்லிக் குடுத்துருவீங்களாட்ட இருக்குதே மேஸ்திரி," என்றார் கந்தப்பன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. சத்தமே இல்லை. ஆத்தூரில் ஒரு அரிசி ஆலைக்காரர் வீட்டு மருமகளுக்கு வலி கண்டு விடியலிலிருந்து ரத்தம் போகிறதாம்.

"தாங்குமுங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"தாங்குமுங்க," என்றான் சென்றாயன். வேறென்ன சொல்வான்.

"போய்ச் சேந்ததும் போன் போட்டுச் சொல்றனுங்க."

எழுபது கிலோமீட்டர்கூட இருக்காது. பதினொன்றரைக்குள் சேர்ந்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆயிற்று. பக்கத்து லாரி புக்கிங் ஆபீசில் நாச்சிமுத்துவின் போன் மூன்று தடவை அடித்தது. மூன்றும் முட்டை லோடு. பன்னிரண்டரைக்குச் சென்றாயன் கையைத் துடைத்துக்கொண்டு போய், ஆஸ்பத்திரியில் நம்பர் கேட்டு, ஆத்தூர் ஆலைக்காரர் வீட்டுக்கு எக்ஸ்சேஞ்சில் அவசர டிரங்கால் பதிந்தான். முத்தாயம்மாள் சோற்றுப் போசியோடு வந்து வாசலில் நின்றாள். செல்லாயி அவள் இடுப்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தூர் கிடைச்சிருச்சு, பேசுங்க," என்றது எக்ஸ்சேஞ்சு.

அங்கே மணி அடித்தது. வீடு முழுக்கப் பிரசவ அறை வாசலில் நின்றாலும் போனை எடுக்க ஆளிருக்காது. கார் வராமல் எல்லோரும் ரோட்டில் போய் நின்றாலும் இருக்காது. இரண்டுக்கும் ஒரே மணிதான். சென்றாயன் குழந்தையைப் பார்த்தான். தெரிந்த சாமி பெயரெல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் டாக்டரம்மா பெயரையும் சேர்த்துக்கொண்டான்.

"யாரும் எடுக்கலைங்க. வெச்சிரட்டுமா?"

"இன்னுங் கொஞ்சம் அடிக்கட்டுமுங்க," என்றான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.