தங்காத கருக்கள்

எங்கள் சிங்கப்பூர் விண்வெளிக் கூடத்தில் தமிழ் டூர் ஆரம்பித்த முதல் ஞாயிறே ஒரு பெண் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள். "ஆள் வந்தாதான் டூரு, இல்லன்னா கேன்சல்லா" என்று மேலாளர் ரஹீம் சொல்லியிருந்த நேரம் அது.

அன்றைய காட்சியில் கோள்கள் பிறந்த கதையை நான்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். இளம் சூரியனைச் சுற்றிய தூசி ஒட்டி ஒட்டிக் கல்லாகும். கற்கள் சேர்ந்து நிலா அளவுக்கு வளர்ந்தால் அதற்கு எம்பிரியோ என்று பெயர். நான் 'கோள்கரு' என்று தமிழாக்கி வைத்திருந்தேன். "இப்படி நிறைய கரு உண்டாச்சு. எல்லாம் தங்கல" என்றேன். அங்கேதான் அவள் எழுந்தாள்.

காட்சி முடிந்ததும் அவள் கணவர் வந்தார். பூன் லேயில் குடியிருப்பவர், ஷிப்யார்டில் சூப்பர்வைசர்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. போன மாசந்தான் எங்களுக்குக் கலைஞ்சு போச்சு. வீட்லயே அடைஞ்சு கெடக்காளேன்னு கூட்டியாந்தேன். அந்த வார்த்தைய மட்டும் மாத்துங்களேன்."

ரஹீமிடம் போய்ச் சொன்னேன். அவரோ, "உருண்டைன்னு போட்டுடுங்க சிஸ்டர், பிரச்சன முடிஞ்சுது" என்றார். அவருக்கு எல்லாமே அவ்வளவு சுலபம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. அவளைத் தேடி வெளியே போனேன்.

பெஞ்சில் மைலோ பானப் பாக்கெட்டைப் பிரிக்காமல் கையில் வைத்திருந்தாள். பெயர் கவிதா. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவளே கேட்டாள்.

"தங்காததெல்லாம் எங்கக்கா போச்சு?"

"சிலது சூரியன்ல விழுந்துச்சும்மா. சிலது தூரமாப் போயிருச்சு. மிச்சத்துல பலது ஒண்ணோட ஒண்ணு மோதி, உருகி, பூமியாச்சு. அதுங்களோட இரும்பு நடுவுல இறங்கி உள்ளகமாச்சு. உள்ள இருந்த வாயு வெளிய வந்து காத்து மண்டலமாச்சு. நாம விடுற மூச்சுக்கும் அதுதான் ஆரம்பம்."

மைலோவை ஓரமாக வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"இத ஏன் உள்ள சொல்லல?"

"நேரம் பத்தலம்மா."

"பாதில நிறுத்திட்டீங்க. வார்த்தைய மாத்தாதீங்கக்கா. மிச்சத்தச் சொல்லுங்க."

புதிதாக வரும் வழிகாட்டிகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவர் எழுந்து போனால் அவசரப்பட்டுச் சொல்லை மாற்றாதீர்கள். விஷயத்தை முழுதாகச் சொன்னோமா என்று முதலில் பாருங்கள்.

அன்று இரண்டாம் காட்சிக்கு அவள் கணவரோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். "எல்லாம் தங்கல" என்று சொன்னதும் நான் நிறுத்திவிட்டேன். அவள்தான் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், மேலே சொல்லுங்கள் என்று.