காதை மூடாத கண்ணாடி

நெதர்லாந்தில் சாலைக்கு ராஜா சைக்கிள்தான். கோட்டு போட்ட அதிகாரியும் மீன் வாங்கப் போகும் பாட்டியும் பின்னால் சத்தமில்லாமல் வந்து ஒரே ஒரு முறை மணியடிப்பார்கள். அதற்குள் ஒதுங்கிவிட வேண்டும். இரண்டாவது மணி இங்கே வசவுக்குச் சமம். போன மாதம் இயர்போனில் மனைவியோடு பேசியபடி நடந்ததில் இரண்டு மணியுமே எனக்குக் கேட்கவில்லை. கால்வாயில் விழாதது அதிர்ஷ்டம். நான் வந்து தங்கியிருக்கும் வீட்டுக்காரன், என் மகன் கதிர், உத்தரவு போட்டுவிட்டான்: "நடந்தா பேசாதீங்கப்பா. பேசுனா நடக்காதீங்க."

யார் துணையும் இல்லாமல் இந்த நாட்டில் நான் செய்யும் ஒரே காரியம் காலை நடை. மரக்காணத்தில் எங்கள் உப்பளத்தில் என் மனைவி வசந்தா உப்பை வாரி முடித்து, லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டே பேசுவதும் அந்த நேரத்தில்தான். சீசன் முடியாமல் பாத்தியை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டவள் அவள். இரண்டில் எதை விடுவது?

அரசு அலுவலகத்தில் ஆயுள் முழுக்கக் கொள்முதல் கோப்பு பார்த்தவன் நான். போன் பேச, காதில் மாட்டும் பகுதியிலேயே ஸ்பீக்கரும் மைக்கும் வைத்த மூக்குக்கண்ணாடி உண்டு, அது காதை அடைக்காது என்று தெரிந்ததும் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். கேமரா வைத்த மாடல் முதல் சுற்றிலேயே தள்ளுபடி: நான் எந்த பேக்கரி வாசலில் நிற்கிறேன் என்று வசந்தா பார்க்கத் தேவையில்லை. இன்னொன்று நாள் முழுக்க மூக்கு தாங்காத கனம். மூன்றாவது இலேசானது, என் பவருக்கு லென்ஸும் போடலாம். அதை வாங்கக் கடைக்குப் போனேன்.

"தினமும் என்ன கேட்பீர்கள்?" என்றாள் கடைப்பெண்.

"மனைவியை."

அவள் சிரிக்கவில்லை. ஒலியைக் குறைக்கும் பொத்தானை மிகுந்த அனுதாபத்தோடு காட்டினாள்.

கண்ணாடி கைக்கு வந்த மறுநாள் கால்வாய்க் கரையில் கதிர் பரீட்சை வைத்தான். கடலை வெளியே நிறுத்த வரப்பு கட்டியவர்கள் இந்த நாட்டார். உள்ளே விட்டு உலர்த்த வரப்பு கட்டியவர்கள் நாங்கள். பொறுமையில் இரு தரப்பும் ஒன்றுதான் என்று நினைத்தபடி நடந்தேன். காதில் வசந்தா, முதுகுக்குப் பின்னால் சைக்கிளில் கதிர். நான்கு முறை மணியடித்தான்; நான்கு முறையும் பேச்சை விடாமலே ஒதுங்கினேன். என்ன அருமையான சாதனம்!

"பாஸ்ப்பா. இனிமே தனியாவே போங்க," என்றான்.

அப்போது காதருகே லாரி ஹாரன் அலறியது. ஒரே தாவலில் ஈரப் புல்லுக்குப் போய்விட்டேன். பாதையில் ஒரு வாத்தைத் தவிர யாருமில்லை.

"யப்பா! அது மரக்காணத்து லாரி! அதுக்கா குதிச்சீங்க?" கண்ணாடியிலிருந்து கசிந்த ஹாரன் அவனுக்கும் கேட்டிருந்தது; கதிர் சைக்கிளைப் போட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஏங்க, லாரி ரிவர்ஸ் வர்றது இங்க எங்கிட்ட. நீங்க எதுக்குங்க குதிச்சீங்க?" என்றாள் வசந்தா.

"லாரி போயிடுச்சா?"

"இன்னும் இல்லீங்க. வரப்பு ஓரமா நிக்கிறேன்."

காலுறை நனைய நானும் புல்லிலேயே நின்றேன்.