ஐஸ் கம்பெனி மலையாண்டி பனிமலைக்குக் கிளம்பியது

குளிரைப் பற்றித் தனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பது மலையாண்டியின் கட்சி. தொண்டியில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஐஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருஷ வேலை. உப்புத்தண்ணித் தொட்டிக்குள் வரிசையாக நிற்கும் தகரக் கேன்களைச் சங்கிலி மாட்டித் தூக்கிக் கவிழ்த்து, வழுக்கி வரும் ஐஸ் பாரைக் கொக்கியால் இழுத்து அரவை மெஷினில் தள்ள வேண்டும். செருப்புப் போட்டால் சறுக்கும். அதனால் எல்லோரும் வெறுங்கால்தான். காலில் அடிபட்டாலும் சரி, கொக்கி கிழித்தாலும் சரி, ஒரு துண்டு ஐஸை வைத்து அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அந்தக் கம்பெனியில் மருந்து என்றால் அதுதான்.

அதனால்தான், பனிமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் சென்னைக்கார நாகேந்திரன் போனில், “ஐயா, வயசு அம்பத்தாறுன்னு எழுதியிருக்கீங்க. பனியில நடந்து பழக்கம் உண்டா?” என்று கேட்டபோது மலையாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தம்பி, நீங்க வருசத்துல பத்து நாளு நடப்பீக. நான் தெனமும் அதுமேலதான் நிக்கிறேன்.”

பக்கத்தில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த சதக்கத்துல்லா விடவில்லை. “ஏலே மலையாண்டி, இங்கன கரண்டு போனா உருகிப் போற ஐஸு இது. அங்கன இருக்கது அல்லா வச்ச ஐஸு. அதுக்கு சுவிட்சு கெடையாது.”

“நீரு சும்மா இரும் பாய்.”

சிரிப்பு அங்கேயே அடங்கிவிட்டது. அவர் எதற்குப் போகிறார் என்பது இருவருக்கும் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆவணி கடைசியில், கங்கோத்திரிக்கு மேலே உறைந்து கிடக்கும் பனி ஆற்றில் அவருடைய மகன் முத்துகிருஷ்ணன் விழுந்துபோனான். ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில் அவர்கள் இருக்கும் தெருவில் முதல் பட்டம் அவனுடையது. மண்ணையும் பாறையையும் பற்றி ஐந்து வருஷம் படித்துவிட்டு, பனி வருஷத்துக்கு எவ்வளவு உருகுகிறது என்று அளக்கப் போன குழுவில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்தான். “அய்யா, நீங்க ஐஸ் செய்றீக, நான் ஐஸ் அளக்கேன். நம்ம குடும்பத் தொழில் மாறவே இல்லை” என்று போனில் சிரிப்பான். புதுப்பனி மூடியிருந்த பிளவு ஒன்று அவனை உள்ளே வாங்கிக்கொண்டது. நான்கு நாள் தேடினார்கள். ஐந்தாம் நாள் மழையும் பனியும் சேர்ந்து வந்ததில் கீழே இறங்கிவிட்டார்கள். கல்யாணமாகி எட்டு மாதம்.

இறப்புச் சர்ட்டிபிகேட் வந்தது. மலையாண்டி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“எம் புள்ளைய நான் கண்ணால பாக்கல. அவன் கெடக்குற எடத்தையாச்சும் பாக்கணும். பாக்காம எள்ளுத்தண்ணி எறைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி நாகலெட்சுமி அழுதும் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். கருமாதி நடக்கவே இல்லை. மருமகள் பானுப்பிரியா கழுத்தில் தாலி அப்படியே கிடந்தது. விசேஷ வீடுகளில் குங்குமத் தட்டு எல்லோரிடமும் போய்விட்டு அவள் முன்னால் வந்ததும் நின்றுவிடும். நீட்டுவதா வேண்டாமா என்று தட்டு வைத்திருப்பவளுக்குத் தெரியாது. எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று பானுப்பிரியாவுக்கும் தெரியாது. நாளடைவில் அவள் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். ஊரில் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு சர்ட்டிபிகேட் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை.

அவள்தான் தேடி நாகேந்திரனைக் கண்டுபிடித்தாள். அவன் கூட்டிப்போகும் பாதை, முத்துகிருஷ்ணனின் குழு கூடாரம் போட்டிருந்த மேட்டைத் தாண்டிப் போகிறது என்று தெரிந்ததும் மாமனாரின் பெயரை அவளே பதிந்தாள்.

ஆனி மாதம் தயாரிப்பு தொடங்கியது. நாகேந்திரன் அனுப்பியிருந்த பட்டியலை அவள் வாசிக்க, மலையாண்டி சம்மணம் போட்டுக் கேட்டார். தினம் ஐந்து கிலோமீட்டர் வேக நடை. முதுகில் பத்து கிலோ சுமை. மூன்றடுக்குச் சட்டை. பூட்ஸ் புதிதாக இருக்கக் கூடாது, போட்டு நடந்து பழக்க வேண்டும். கடைசியில் டாக்டர் சர்ட்டிபிகேட்.

“இதையும் கேட்டுக்கங்க மாமா. ‘நடக்கும்போது எங்க வலிச்சாலும் உடனே நிறுத்திட்டு, கழட்டிப் பாக்கணும்.’”

“வலிச்சாத்தானே ஆத்தா? பாத்துக்கலாம்.”

மதுரையிலிருந்து பூட்ஸ் வந்தது. விடியற்காலை, கம்பெனிக்குப் போகும் பஸ் வருவதற்கு முன்னால், பெரிய கண்மாய்க் கரையில் நடப்பார். முதுகில் மணல் நிரப்பிய பை, வேட்டியை மடித்துக் கட்டி, கீழே பூட்ஸ். களத்துக்குப் போகிற ராக்கப்பன் சைக்கிளை நிறுத்தியே விட்டான்.

“என்ன மாமா, கண்மாய்க்கரை கரைஞ்சிருச்சுன்னு ஒத்தையாளா மண்ணுச் சொமக்குறீகளா?”

“போடா அங்கிட்டு.”

“இல்ல, மேல வேட்டி, கீழ மிலிட்டரி. எந்த நாட்டு மேல படையெடுப்புன்னு சொல்லிட்டுப் போங்க.”

கம்பெனியிலும் சும்மா இருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்வெட்டர், குல்லா சகிதம் ஐஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சதக்கத்துல்லா வெளியே நின்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டுவார். “மௌத்தாப் போயிட்டியா, இருக்கியா?” உள்ளேயிருந்து, “இருக்கேன் பாய்” என்று குரல் வரும். அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் அவர் தூக்குவாளியைத் திறப்பார்.

முதல் மாதம் ஒன்றேகால் மணி பிடித்த ஐந்து கிலோமீட்டரை ஆடி முடிவதற்குள் ஐம்பது நிமிஷத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அன்று நாகலெட்சுமியிடம் தானாகவே சொன்னார்: “போய்ட்டு வந்ததும் எல்லாம் செஞ்சிருவோம். நீ நெனைக்கிற மாதிரியே ராமேஸ்வரத்துலயே செஞ்சிருவோம்.” அவள் அடுப்பைப் பார்த்தபடியே தலையாட்டினாள்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது ஒருநாள், குளித்துவிட்டு உள்ளே போன மாமனாரின் ஈரக்கால் தடம் சிமெண்டுத் தரையில் பதிந்திருந்ததைப் பானுப்பிரியா பார்த்தாள். இடதுகால் தடத்தில் பெருவிரல் இருக்கும் இடம் மட்டும் செம்மஞ்சளாக இருந்தது.

“மாமா, காலத் தூக்குங்க.”

“ஒண்ணுமில்ல ஆத்தா.”

“தூக்குங்கன்னு சொல்றேன்ல.”

பெருவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். ஓரமெல்லாம் கறுத்து, பக்கத்து விரலும் வீங்கியிருந்தது. பூட்ஸை எடுத்து உதறினாள். எதுவும் விழவில்லை. கையை விட்டுத் துழாவியபோது, நுனியில் கடைக்காரன் திணித்து வைத்திருந்த காகிதம், வேர்வையில் நனைந்து நனைந்து இறுகிக் கல்லாகி உட்கார்ந்திருந்தது. இரண்டு மாதம் அதன்மேல்தான் நடந்திருக்கிறார்.

“இது உறுத்தவே இல்லையா மாமா?”

“தெரியல ஆத்தா.” அவர் குரல் இறங்கிவிட்டது. “புண்ணு பத்து நாளாத் தெரியும். தெனம் கம்பெனியில ஐஸ் தொட்டியில அரை மணி நேரம் வச்சுக்கிட்டுத்தான் வாரேன். ஐஸு வச்சா அடங்கிரும். ஒங்கிட்ட சொன்னா பேரை அடிச்சிருவாகளோன்னு...”

இராமநாதபுரத்தில் டாக்டரம்மா ஊசி முனையால் அவர் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். “இப்ப தெரியுதா?”

மலையாண்டி மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். “நீங்க குத்துங்கம்மா, சொல்றேன்.”

“எட்டு எடத்துல குத்திட்டேன்யா.”

சர்க்கரை வந்து பல வருஷம் ஆகியிருக்கும் என்றார் டாக்டரம்மா. மலையாண்டி ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. முப்பத்தோரு வருஷம் ஐஸிலேயே நின்ற கால் வேறு. கை விரல்களும் பாதி மரத்துப்போயிருந்தன. புண்ணில் ஐஸை வைக்க வைக்க, வந்துகொண்டிருந்த கொஞ்ச ரத்தமும் வராமல் போய்விட்டது. இடதுகாலில் இரண்டு விரல்களை வெட்டி எடுத்தார்கள்.

நாகேந்திரனுக்குப் பானுப்பிரியாதான் விஷயத்தைச் சொன்னாள். அவன் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டான். “ஐயா, மனசை விடாதீங்க. நான் அந்த மேட்டுல நின்னு உங்க மகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு கல்லை வச்சுட்டு வரேன்.”

மலையாண்டி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். “வேணாம் தம்பி. புதுக் குரலா இருக்கும். யாரோன்னு நெனைச்சுக்குவான்.”

நாகேந்திரனின் கூட்டம் சென்னையில் ரயில் ஏறிய நாளில் அவர் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பூட்ஸ் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நாகலெட்சுமி அதை எடுத்து வைக்கப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள்.

மகாளய அமாவாசைக்கு முதல் நாள் அவராகவே சொன்னார். “நாளைக்கு ராமேஸ்வரம் போயிருவோம்.”

அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமில்லை. வடக்கேயிருந்து வந்த கூட்டம்தான் பாதி. கட்டுப்போட்ட காலோடு அவர் கடைசிப் படியில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நாகலெட்சுமி எள்ளுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதும் அவருக்கு மனம் வரவில்லை. “செத்த இரு, செத்த இரு” என்று இரண்டு ஐயர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பக்கத்துப் படியில் ஒரு வடக்கத்திப் பெரியவர், சாமிக்கு அபிஷேகம் செய்யக் கங்கைத் தண்ணீர் கொண்டுவந்த செப்புச் செம்பை மடியில் வைத்திருந்தார். வாய் ஈயத்தால் அடைத்திருந்தது. பானுப்பிரியாவுக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். பெரியவர் செம்பைத் தட்டிக் காட்டி ஒரே வார்த்தைதான் சொன்னார்: “கங்கோத்ரி.”

மலையாண்டி திரும்பினார். அந்த ஊர்ப் பெயர் அவருக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. மேலே உருகுவதுதான் கீழே ஆறாக வருகிறது என்று மகன் நூறு தடவை சொல்லியிருக்கிறான். தொடலாமா என்று கையால் கேட்டார். பெரியவர் செம்பை நீட்டினார்.

இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். விரல்கள் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

“ஆத்தா, நீ தொட்டுப் பாரு. சில்லுன்னு இருக்கா?”

பானுப்பிரியா தொட்டாள். கையை எடுக்கவில்லை.

“இல்ல மாமா.” உள்ளங்கையை விரித்து முழுசாக வைத்தாள். “வெயில்ல சுடுது.”

“சில்லுன்னு இல்லையே?”

“இல்ல மாமா. சுடத்தான் செய்யுது.”

அவர் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செம்பைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு, நாகலெட்சுமியின் பக்கம் கையை ஏந்தினார்.

“ஐஸ விட்டு எறங்கி வந்துட்டான். எள்ளக் குடு.”