கெண்ட்ராவின் வீடும் விர்ஜிலின் கிடேரிகளும்

கெண்ட்ரா பிறந்தபோது அவள் அக்கா டார்லாவுக்குப் பதினெட்டு வயது. அப்பா அமெரிக்காவின் அயோவாவில் பிறர் பண்ணைகளில் கூலிவேலை செய்தவர். வேலை போனால் பண்ணைக்காரர் கொடுத்த வீடும் போய்விடும். பள்ளிப்படிப்பை முடிப்பதற்குள் கெண்ட்ரா ஏழு வீடு மாறிவிட்டாள். பிறகு செவிலிப் படிப்பில் சேர்ந்து, கணக்கில் மூன்று முறை தோற்று நான்காம் முறை தேறினாள். பள்ளிச் சமையற்கட்டில் வேலை பார்த்த டார்லா அதை யாரிடமும் மறைத்ததில்லை. "நாலாவது தடவை!" என்று பெருமையாகவே சொல்வாள்.

முப்பத்துநான்கு வயதில், இரண்டு பெண் குழந்தைகளோடு தனியாக வாழ்ந்த கெண்ட்ரா, வில்லோ சாலையில் ஒரு வெள்ளை வீட்டைப் பார்த்தாள். பின்னால் பெரிய சிவப்பு மாட்டுக் கொட்டகை. வங்கி கேட்ட முன்பணம் அவளிடம் இல்லை. குறைந்த வருமானக்காரர்கள் கிராமப்புறத்தில் வீடு வாங்க அரசாங்கம் தரும் கடனுக்கு முன்பணம் வேண்டாம். கெண்ட்ராவுக்கு முதியோர் இல்லத்தில் ஓய்வில்லாத வேலை என்பதால் டார்லாதான் விண்ணப்பத்தை நிரப்பினாள். ஒவ்வொரு வரிக்கும் கீழே அளவுகோலை வைத்து, கறுப்பு மையில் எழுதினாள்.

'இந்த இடத்திலிருந்து வருமானம் உண்டா?' என்று ஒரு கேள்வி. பக்கத்துப் பண்ணை விர்ஜில் ஓல்சன் குளிர்காலத்தில் தன் எட்டுக் கிடேரிகளை அந்தக் கொட்டகையில் கட்டுவார். அதற்காக, வீட்டை விற்கும் வீட்டுக்காரம்மாவுக்கு ஆண்டுதோறும் அரை மாட்டுக் கறி வெட்டிக் கொடுப்பார். அந்தப் பக்கத்தில் யாரும் அதை வாடகை என்று சொல்வதில்லை. டார்லா யோசித்துப் பார்த்து எழுதினாள்: 'ஆண்டுக்கு அரை மாட்டுக் கறி. கெண்ட்ராவுக்கும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.'

மறுவாரம் கடன் அலுவலர் ரோஷெல் டார்லாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"கொட்டகை வருமானம் தருதுன்னு எழுதியிருக்கீங்க. அப்படிப்பட்ட இடத்துக்கு இந்தக் கடன் கிடையாதுங்க."

"மாட்டை எடுத்துட்டா?"

"சாமான் போட்டு வைக்கிற வெறும் கொட்டகைன்னா சரி. வெள்ளிக்கிழமை நேர்ல வந்து பாக்கறேன்."

கடன் உறுதியானதைச் சொல்ல வீட்டுக்காரம்மா கொடுத்த கெடுவும் வெள்ளிக்கிழமைதான்.

"உன்னை யாரு அக்கா கறியெல்லாம் எழுதச் சொன்னா?" என்றாள் கெண்ட்ரா.

"கேட்டிருந்தாங்களே."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

கெண்ட்ரா திட்டவில்லை. காரில் போய் உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பாமல் கண்ணாடியை இறக்கினாள். "பொண்ணுங்க எந்த ரூம் யாருக்குன்னு சண்டை போட்டு முடிச்சுட்டாங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

டார்லா அன்றே விர்ஜில் வீட்டுக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னாள்.

"கறிப் பொட்டலத்துக்குப் பேரு வாடகையா?" என்றார் அவர். "நாப்பது வருஷமா நான் குடித்தனக்காரனா இருந்திருக்கேன், எனக்கே தெரியல பாரு!"

"மன்னிச்சிருங்க விர்ஜில். நான்தான் எழுதிட்டேன்."

"நடு ஜனவரியில எட்டு மாட்டை எங்கே கொண்டு போவேன்? சட்டைப் பையிலயா?"

விர்ஜில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"உன் தங்கச்சிதானே எங்கம்மாவுக்குக் கடைசிக் காலத்துல தினமும் தலை வாரிவிட்டா?"

"ஆமாங்க."

"என் மச்சான் கொட்டகையில எடம் இருக்கும். அவன் மூஞ்சியத்தான் பாக்கணும், வேறென்ன. சரி, கறி?"

"கொண்டு வரவே கூடாதுங்க."

"நல்ல சர்க்கார்!" என்று முனகிக்கொண்டே மாடு ஏற்றும் ட்ரெய்லரை வண்டியில் மாட்டப் போனார்.

புதன்கிழமை கிடேரிகள் போயின. உறைந்து கல்லாகிக் கிடந்த சாணத்தை டார்லா இரண்டு நாள் கடப்பாறையால் பெயர்த்து அள்ளினாள். வெள்ளிக்கிழமை ரோஷெல் வந்து மூலைமூலையாகப் பார்த்துப் படம் எடுத்தாள்.

"இங்க என்ன வைப்பீங்க?"

"சைக்கிள். ரெண்டு."

ரோஷெல் சிரித்துவிட்டாள். "தகுதி இருக்குன்னு எழுதிடறேன். கடன் கிடைச்சிடும்."

டார்லா நேராக முதியோர் இல்லத்துக்கு வண்டியை ஓட்டினாள். கெண்ட்ரா ஒரு கிழவருக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று டார்லா தலையை மட்டும் ஆட்டினாள். கரண்டி பாதி வழியில் நின்றது. கிழவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

"ஏம்மா அழற? சூப் அவ்வளவு மோசமா?"

"வீடு வாங்கறேன், தாத்தா."

"எங்க?"

"வில்லோ ரோட்டுல. செவப்புக் கொட்டகை இருக்குல்ல, அது."

கிழவர் எழுபது வருஷம் உழுதவர்.

"மேட்டு நிலம். தண்ணி நிக்காது" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாய்க்காக மறுபடி வாயைத் திறந்தார்.